இல்லையென்று தள்ளப்பட்ட எண்

ஊரார் ஒருவனுக்கு இளமையில் ஏளனமாக இட்ட பெயர், அவன் பின்னாளில் எத்துணை மேன்மை அடைந்தாலும், அவனை விட்டு அகலாது நிலைத்துவிடுவதுண்டு. எண்களின் உலகிலும் அத்தகைய பேறு வாய்த்த ஒன்று உண்டு. அதன் பெயர் கற்பனை எண். அதன் பயனை அறிந்து, அதனை உவந்து சூட்டிய பெயரன்று இது. 1637-ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் டேக்கார்ட், சமன்பாடுகளின் விடைகளைப் பகுத்துக் கூறுமிடத்து, இவை நாம் மனத்தில் எண்ணிக்கொள்வனவேயன்றி உண்மையில் உள்ளவையல்ல என்னும் கருத்தில் வழங்கிய சொல் அது. ஐரோப்பிய மொழிகளிற் பரவி, அங்கிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழுக்கு வந்தபோது இன்னொன்றும் நிகழ்ந்தது. மெய்யெண்ணும் கற்பனை எண்ணும் கூடியமைந்த எண்ணை இலங்கைப் பாடநூல்கள் சிக்கலெண் என்கின்றன. தமிழகப் பாடநூல்கள் கலப்பெண் என்கின்றன. நம் நாட்டுச் சொல்லின்மீது எனக்குப் பற்று உண்டு. 1855-ஆம் ஆண்டிலேயே கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்ட நாடு இது. வட்டுக்கோட்டையிலே உயர்கணிதம் பயின்றவர் அவர். ஆயினும் இவ்விரு சொற்களுள் தமிழகத்தார் சொல்லே பொருத்தமானது என்பது என் துணிபு. இருவகை எண்கள் கலந்தது கலப்பெண். சிக்கல் என்றாலோ, புத்தகத்தைத் திறக்குமுன்னரே மாணவனுக்கு அச்சம் பிறக்கிறது. ஒரு பெயர் இகழ்ச்சி, மற்றது மிரட்டல். இவ்விரு பெயர்களையும் சுமந்துகொண்டு இந்த எண் நடந்த வழியையே இன்று காண்போம்.

முதலில் இதன் பிறப்புக்குக் காரணமான மறை எண்ணைக் குறித்துச் சிறிது சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருவிலே கணக்கேடு எழுதியோர்க்கு மறை எண் புதிதன்று. கையிலுள்ள பணம் நேர் எண். கொடுக்கவேண்டிய கடன் மறை எண். 628-ஆம் ஆண்டில் நூல் செய்த பிரமகுப்தரும் தனம் என்றும் ருணம் என்றும், அதாவது செல்வம் என்றும் கடன் என்றும், இவற்றை வகுத்தே விதிகள் கூறினார். மறையை மறையாற் பெருக்கினால் நேர் வரும் என்பதும் கணக்கேட்டிலே தெளிவாகும். உமக்கு நூறு ரூபாக் கடன்கள் மூன்று இருந்து, அம்மூன்றையும் கடன் கொடுத்தவர் நீக்கிவிட்டாரெனின், உம்முடைய நிலை முந்நூறு ரூபா உயர்ந்துவிட்டது. கடனை நீக்குதல் வரவேயாகும்.

இதிலிருந்தே இடர் எழுகிறது. நேர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் நேர் வருகிறது. மறை எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் நேரே வருகிறது. அப்படியாயின், தன்னாலேயே பெருக்கும்போது மறை ஒன்றைத் தரும் எண் யாது? வேறுவிதமாகக் கூறின், மறை ஒன்றின் வர்க்கமூலம் யாது?

இவ்வினாவை நேர்நின்று நோக்கியவர்களுள் மிகப் பழையவர் ஒருவர் நம் அயலிலே வாழ்ந்தவர். கன்னட நாட்டிலே, இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறக்குறைய 850-ஆம் ஆண்டளவில், கணிதசாரசங்கிரகம் இயற்றிய மகாவீரர் என்னும் சமண ஆசிரியரே அவர். மறை எண் இயல்பிலேயே எதனுடைய வர்க்கமும் ஆகாது; ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தீர்ப்புக் கூறினார். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1150-ஆம் ஆண்டளவில், பாஸ்கரரும் அதனையே வழிமொழிந்தார். மகாவீரரின் நூல் சென்னையிலே பேராசிரியர் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் அச்சேறியது. இந்தத் தீர்ப்பை அறியாமை என்று எண்ணிவிடலாகாது. வினாவை உணர்ந்து, ஆராய்ந்து, விடையில்லை என்று காரணத்தோடு மறுத்த தீர்ப்பு அது. அன்றைய கணக்குகளுக்கு அந்த மறுப்பே போதுமானதாயிருந்தது.

ஏன் போதுமானது? இருபடிச் சமன்பாட்டுக்கு விடை காணும்போது மறை எண்ணின் வர்க்கமூலம் தலைகாட்டினால், இக்கணக்குக்கு விடையில்லை என்று ஏட்டை மூடிவிடலாம். எந்த நட்டமும் இல்லை. எனவே இந்த எண் இருபடிச் சமன்பாட்டிலே பிறந்தது என்று பாடநூல்கள் தொடங்குவது கற்பிக்க வசதியானதேயன்றி, வரலாற்றுக்கு ஒத்ததன்று. மறுக்க முடியாதபடி அது வந்து நின்ற இடம் முப்படிச் சமன்பாடு.

அந்தக் கதை பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் நிகழ்ந்தது. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கண்ட தார்த்தாலியா என்பார், அதனைக் கமுக்கமாக வைத்திருந்து, மிலான் நகர மருத்துவர் கார்டானோவுக்கு 1539-இல் வெளியிடக்கூடாதென்ற உறுதியோடு கூறினார். கூறியதும் செய்யுளில்! நம்முடைய கணக்கதிகாரம் பாட்டிலே கணக்குச் சொல்வதைக் கண்டு நகைப்போர் இதனையும் எண்ணிப்பார்க்கலாம். தார்த்தாலியாவுக்கு முன்னரே தெல் பெரோ என்பார் அவ்வழியைக் கண்டிருந்தார் எனத் தெரியவந்ததும், கார்டானோ 1545-இல் தம் பெருநூலில் அதனை வெளியிட்டுவிட்டார். அதனால் எழுந்த பூசலை விடுவோம்.

அந்நூலிலே கார்டானோ ஒரு விந்தைக் கணக்கையும் வைத்தார். பத்தை இரு கூறாக்குக. அக்கூறுகளின் பெருக்கம் நாற்பது ஆகவேண்டும். ஐந்தும் ஐந்துமாகப் பிரித்தாற்கூடப் பெருக்கம் இருபத்தைந்தே. எனவே விடை இருக்க முடியாது. ஆயினும் அவர் விதிப்படி கணக்கைச் செய்துகொண்டே போனார். ஐந்தோடு மறை 15-இன் வர்க்கமூலத்தைக் கூட்டியது ஒரு கூறு. ஐந்திலிருந்து அதனைக் கழித்தது மற்றைய கூறு. இரண்டையும் கூட்டினால் பத்து. பெருக்கினால், இருபத்தைந்தும் பதினைந்தும் சேர்ந்து, நாற்பது. கணக்குச் சரியாயிருந்தது. எனினும் இது நுட்பமானதேயன்றிப் பயனற்றது என்ற கருத்தோடு அதனை விட்டகன்றார்.

பயன் இருந்தது. அதனைக் கண்டவர் பொம்பெல்லி. சதுப்பு நிலங்களிலிருந்து நீரை வடித்து விளைநிலமாக்கும் பொறியியலாளர் அவர். அந்த வேலை இடையிலே நின்றிருந்த காலத்தில் கணித நூலொன்று எழுதத் தொடங்கினார். 1572-இல் அது வெளிவந்தது. அவர் எடுத்துக்கொண்ட சமன்பாட்டைச் சொற்களாற் கூறுவோம். ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டியதற்குச் சமம். அந்த எண் யாது? நான்கு என்று ஊகித்துவிடலாம். நான்கின் கனம் அறுபத்துநான்கு; பதினைந்து நான்கு அறுபது, அதனோடு நான்கு சேர அறுபத்துநான்கு. ஐயத்துக்கு இடமேயில்லை.

ஆனால் அதே சமன்பாட்டைக் கார்டானோ நூலின் விதிப்படி தீர்க்கப் புகுந்தால், நடுவழியிலே மறை 121-இன் வர்க்கமூலம் குறுக்கிடுகிறது. இங்கே ஏட்டை மூட முடியாது. விடை இல்லை என்று கூறவும் முடியாது. விடை நான்கு என்பது கண்முன்னே நிற்கிறது. விதி பிழையா, நான்கு பிழையா? பொம்பெல்லி மூன்றாவது வழியொன்றைத் துணிந்தார். அந்த இல்லாத எண்ணை இருப்பதாகவே கொண்டு, அதற்கும் கூட்டல் பெருக்கல் விதிகளை வகுத்து, கணக்கைத் தொடர்ந்தார். இரண்டோடு மறை ஒன்றின் வர்க்கமூலத்தைச் சேர்த்த எண்ணின் கனத்தைக் கண்டால், இரண்டோடு மறை 121-இன் வர்க்கமூலம் சேர்ந்தது வருகிறது. ஆகவே தேடிய கனமூலங்களுள் ஒன்று, இரண்டும் மறை ஒன்றின் வர்க்கமூலமும் கூடியது. மற்றொன்று, இரண்டிலிருந்து அதனைக் கழித்தது. இவ்விரண்டையும் கூட்டினால் இல்லாத பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சுவது நான்கு! மெய்யான ஊரிலிருந்து புறப்பட்டு மெய்யான ஊரையே அடைந்தோம். ஆனால் இடைவழி இல்லாத நாட்டினூடாகச் சென்றது. இந்த எண்ணின் வரலாற்றிலே பெருந்துணிவு எதுவென்று கேட்டால், நான் சுட்டுவது இந்த வடிகாற் பொறியியலாளரின் செயலையே.

இதன் பின்னரே டேக்கார்ட் அப்பெயரை இட்டார் என்பது வியப்பு. இலைப்னிட்சு என்னும் பேரறிஞரும் 1702-இல் இதனை உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையே வாழும் ஈருயிரியாகக் கண்டார். பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆய்லர், கற்பனை எண்ணையும் வட்டத்தின் கோணங்களையும் அடுக்குக்குறிச் சார்பையும் ஒரே உறவிற் பிணைத்து 1748-இல் நூல் வெளியிட்டார். மறை ஒன்றின் வர்க்கமூலத்துக்கு ஐ என்னும் இலத்தீன் எழுத்தைக் குறியாக 1777-இல் வழங்கியவரும் அவரே. கணக்குகள் பெருகின. ஆயினும் அந்த எண் எங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டும் நின்றது.

நேயர்களே, அக்கேள்விக்கான விடையை வெள்ளவத்தையிலே காலி வீதியில் நின்றுகொண்டு காணலாம். வடக்கே பம்பலப்பிட்டியை நோக்கி நில்லுங்கள். முன்னோக்கி நூறு அடி நடத்தல் நேர் நூறு. தெற்கே தெகிவளைப் பக்கமாக நூறு அடி நடத்தல் மறை நூறு. அப்படியாயின் மறை ஒன்றாற் பெருக்குதல் என்பது யாது? முகத்தை முற்றாகப் பின்பக்கம் திருப்புதல், அதாவது அரைச்சுற்று. அதனை இருமுறை செய்தால் பழையபடி பம்பலப்பிட்டியை நோக்குவீர்கள்; மறையும் மறையும் பெருக்க நேர் ஆயிற்று. இனி, எச்செயலை இருமுறை செய்தால் அரைச்சுற்று வரும்? கால்சுற்று! இடப்பக்கம் ஒருமுறை திரும்புங்கள், கடல் தெரியும். இன்னொருமுறை இடப்பக்கம் திரும்புங்கள். தெகிவளையை நோக்கி நிற்பீர்கள். மறை ஒன்றின் வர்க்கமூலம் என்பது இந்தக் கால்சுற்றேயாகும். காலி வீதியின் மேலேயே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அகப்படாததில் வியப்பில்லை. அது கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையிலே இருந்தது.

இதனை முதலில் எடுத்துக்கூறியவர் கணிதப் பேராசிரியர் அல்லர், நில அளவையாளர். நோர்வேயிற் பிறந்த வெசல் என்பார், திசையும் தூரமும் அளந்து பழகியவர், 1797-இல் டென்மார்க்கு அறிவியற் கழகத்தின் முன் இக்கருத்தை வைத்தார். தேனிசு மொழியில் எழுதப்பட்டமையால் அக்கட்டுரையை ஏறத்தாழ நூறாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1806-இல் பாரிசிலே தம் பெயரை இடாமல் சிறுநூலொன்றை வெளியிட்ட ஆகண் என்பாரின் பெயரே நிலைத்தது. நம் உயர்தர வகுப்பு மாணவர் ஆகண் வரிப்படம் என்று வரைவது அவர் நினைவாகத்தான். சிறிய மொழியில் எழுதியோர்க்கு நேரும் கதி இது. தமிழர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

1831-இல் செருமானியப் பேரறிஞர் கௌஸ் இக்கருத்தைத் தம் பெயரின் வலிமையோடு முன்வைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும், நாம் சிக்கலெண் என்று பெயர்த்த அச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. பெயரைப் பற்றி அவர் கூறியது கருதத்தக்கது. நேர், மறை, கற்பனை என்று கூறாமல், முன், பின், பக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தால் இத்தனை இருளும் சூழ்ந்திராது என்பது அவர் கருத்து. காலி வீதியில் நின்ற நமக்கு அது எளிதில் விளங்கும்.

பக்கம் திரும்பும் இந்த எண் இன்று நம் வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலையாக எழுந்து விழுவது. 1950-இல் இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் மலைநாட்டு நீர் கொழும்புக்கு மின்னாக வருகிறது. அந்த அலையை மட்டும் கொண்டு மின்விசிறியைச் சுழலச் செய்ய முடியாது. அது முன்னும் பின்னும் இழுக்குமேயன்றிச் சுற்றாது. ஆகவே விசிறியின் ஒரு சுருளுக்கு நேரேயும், மற்றைய சுருளுக்குக் கப்பாசிற்றர் ஒன்றினூடாகவும் மின்னை விடுகின்றனர். இரண்டாவது சுருளின் அலை ஏறக்குறையக் கால்சுற்று முந்திவிடுகிறது. அவ்வேறுபாடே விசிறியைத் தள்ளிச் சுழற்றுகிறது. கப்பாசிற்றர் பழுதானால் விசிறி முனகிக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கற்பனைப் பகுதி போய்விட்டது என்று கூறின் அது வெறும் விளையாட்டன்று. இத்தகைய மின்னோட்டக் கணக்குகளைச் சிக்கலெண்ணாற் செய்யும் முறையை 1893-இல் பரப்பியவர் அமெரிக்காவிற் பணியாற்றிய இசுரைன்மெற்சு.

மின்னியலார்க்கு அது வசதியான கருவி. அணுவை ஆராய்ந்தவர்களுக்கோ அது வசதிக்கு அப்பாற்பட்டதாயிற்று. 1926-இல் சுரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டை அமைத்தபோது, அதில் ஐ என்னும் குறி வந்து நிற்பது அவருக்கே முதலில் மனக்குறையாயிருந்தது. அகற்ற முயன்றும் அது அங்கேயே நின்றது. 1928-இல் டிராக் கண்ட இலத்திரன் சமன்பாட்டிலும் அது உண்டு. அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜிற் பயின்ற தமிழர் ஒருவர், பருத்தித்துறை காட்லிக் கல்லூரி மாணவராயிருந்த கி. ஜெ. எலியேசர், 1959-இல் மலாயாவுக்குச் செல்லும்வரை கொழும்பிலே, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். இல்லாத எண் என்ற பேச்சு அவருடைய வகுப்பறையை எட்டுமுன்னரே பழங்கதையாகியிருந்தது.

இந்த எண்ணைத் தள்ளிவிட்டால் நட்டம் எவ்வளவு என்பதை உணர்த்த, தமிழர் அனைவரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையே போதும். கும்பகோணத்திலே பள்ளி மாணவனாயிருந்த இராமானுசன், ஆய்லரின் சைன், கோசைன் தேற்றங்களைத் தாமாகவே கண்டறிந்தார். வட்டச் சார்புகளுக்கும் அடுக்குக்குறிச் சார்புக்குமுள்ள உறவையே இது குறிக்கும் என்று பின்னாளில் ஹார்டி கருதினார். அவ்வுறவின் உள்ளே நிற்பது நாம் பேசிவரும் எண்தான். அது நெடுங்காலத்துக்கு முன்னரே பிறராற் கண்டறியப்பட்டது எனப் பிற்பாடு அறிந்து சிறுவன் வாடினான். எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்துவைத்தான் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

அந்த வாயிலைத் தானே திறந்தவர், அதற்கு அப்பாலுள்ள நாட்டைக் காணாமலே வளர்ந்தார். சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே பெருகி வளர்ந்திருந்தது. இராமானுசன் கையிற் கிடைத்த நூல்களில் அது இல்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், முதன்மை எண்களைப் பற்றியும் ஒரு கூற்று இருந்தது. தமிழகத்தார் பகா எண் என்று கூறும் இவை, எந்த எல்லைக்குள்ளே எத்தனை உள்ளன என்பதைத் துல்லியமாகக் காட்டும் வாய்பாடு தம்மிடம் உண்டு என்றார். சில இலட்சங்கள்வரை எண்ணிப் பார்த்தால் அது மிக நெருங்கியே வரும். ஆயினும் துல்லியமன்று.

பிழை எங்கே? முதன்மை எண்களின் பரம்பலை ஆளுவது சீற்றா என்னும் சார்பு என்பதை 1859-இல் ரீமான் காட்டியிருந்தார். அச்சார்பு பூச்சியமாகும் இடங்களுள் சில, மெய்யெண் கோட்டின்மேல், மறைப்பக்கத்தில் உள்ளன. எண்ணிறந்த பிற இடங்கள் அக்கோட்டில் இல்லை. கடற்பக்கத்து ஒழுங்கைகளில் உள்ளன. முதன்மை எண்கள் சீராக வராமல் இங்கும் அங்கும் தடுமாறுவது அவற்றால். அவை இல்லாதிருந்தால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு இருந்தது இராமானுசனின் கோட்பாடு என்று ஹார்டி விளக்கினார். ஈடிணையற்ற மதி ஒன்று, ஒரு திசையை எவரும் காட்டாத காரணத்தால் மட்டும் இடறியது. அக்கடிதத்தைப் போற்றும் நாம் இதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். குறை அவருடையதன்று, கும்பகோணத்துக்கு நூல்கள் வராத தூரத்தினுடையது.

1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஹார்டியும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கணக்குகளுள் ஒன்று சிறுவர்க்கும் விளங்குவது. நான்கை எத்தனை விதமாகக் கூறுபடுத்தலாம்? நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள், ஆக ஐந்து விதம். எண் பெரிதானால் விதங்கள் கட்டுக்கடங்காமற் பெருகும். வெறும் முழு எண்களை எண்ணும் கணக்கு இது. இதிலே கற்பனைக்கு வேலையே இல்லை என்றுதான் தோன்றும். அவ்விருவரோ, சிக்கலெண்களின் தளத்திலே ஒரு வட்டம் வரைந்து, அவ்வட்டத்தைச் சுற்றிவந்து தொகையிட்டு, அவ்வெண்ணிக்கையைப் பிடிக்கும் வழியைக் கண்டனர். 1918-இல் அது அச்சாயிற்று. முன்னர் இடறச் செய்த அதே நாட்டினூடாக இம்முறை வழிகாட்டி ஒருவரோடு நடந்து மீண்டார் இராமானுசன்.

சரிபார்ப்பதற்காக 200 என்னும் எண்ணை எடுத்தனர். மக்மாகன் என்னும் கணித அறிஞர் அதன் கூறுபாடுகளை வேறு வழியிலே, ஒவ்வொரு படியாகக் கூட்டிக் கணித்து, 3,972,999,029,388 என்று கண்டார். ஹார்டியும் இராமானுசனும் தம் வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டினர். வந்த தொகை அதே எண், மேற்கொண்டு 0.004 மட்டுமே மிகுந்திருந்தது.